ஒரு பேட், கொஞ்சம் தார், 25 நாள் இழுத்த ஆட்டம்

1983 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. யாங்கீ ஸ்டேடியத்தில் நியூயார்க் யாங்கீஸும் கன்சாஸ் சிட்டி ராயல்ஸும் ஆடிய பேஸ்பால் ஆட்டம். இறுதிப்போட்டி கிடையாது, பிளேஆஃப் கிடையாது, ஒரு சீசனில் ஒவ்வொரு அணியும் ஆடும் 162 ஆட்டங்களில் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் இதற்காக லீக் தலைவர் தீர்ப்பு எழுதினார், இரண்டு நீதிபதிகள் தலையிட்டார்கள், ஃபோர்டாம் பல்கலைக்கழகச் சட்ட இதழில் கட்டுரையே வந்தது, விதிப்புத்தகம் திருத்தப்பட்டது. ஆட்டம் முடியவோ 25 நாள் ஆனது. எல்லாம் ஒரு பேட்டில் தடவியிருந்த தாரால் வந்த வினை.

பேஸ்பால் ரசிகர்கள் இதை 'பைன் தார் ஆட்டம்' என்பார்கள். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'விதியின் எழுத்தா, விதியின் நோக்கமா' என்று கேட்டு, நோக்கம் ஜெயித்தது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. பேட்டில் எத்தனை அங்குலம் தார் என்பதைவிட, அதை எப்போது எடுத்துச் சொன்னார்கள் என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. கடைசியில் விதியைத் திருத்தியவர்களும் அந்த இடத்தைத்தான் தொட்டார்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒவ்வொரு அணிக்கும் மூன்று அவுட், வெளியூர் அணி முதலில் ஆடும். பேட்டர் 'ஹோம் பிளேட்' என்ற தட்டின் அருகே நின்று பிட்சர் வீசும் பந்தை அடிப்பார், மூன்று பேஸ்களையும் வரிசையாக மிதித்து ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்தை வேலிக்கு அப்பால் தூக்கினால் ஹோம் ரன், அடித்தவரோடு ஏற்கெனவே பேஸில் நிற்பவர்களும் ஓடி வந்து ரன் சேர்ப்பார்கள். இந்தக் கதைக்கு இது போதும்.

பைன் தார் என்பது பைன் மரக்கட்டையைச் சூடாக்கி எடுக்கும் பிசுபிசுப்பான கரும்பழுப்புத் திரவம். ஒரு காலத்தில் கப்பல் பலகைக்கும் கயிறுக்கும் பூசியது. பேஸ்பால்காரர்கள் கை வழுக்காமல் இருக்க இதை பேட்டின் பிடியில் தடவிக்கொள்வார்கள். இதில் தப்பே இல்லை, விதியே அனுமதிக்கிறது. ஒரே நிபந்தனை, பிடியின் அடிமுனையிலிருந்து 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஏன் என்றால் பந்து படும் இடம் வரை தார் ஏறினால் பந்தெல்லாம் கறையாகும், கறையான பந்தை ஒதுக்கிவிட்டுப் புதுப் பந்து எடுக்க வேண்டும், அது கிளப்புக்குச் செலவு. ஆம், காசுக் கணக்குதான். தார் அதிகம் இருப்பதால் பந்து தூரமாகப் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வழக்கு முழுக்க இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இனி ஆட்கள். ஜார்ஜ் பிரெட், ராயல்ஸின் மூன்றாம் பேஸ்காரர், 1980 சீசனில் .390 சராசரி வைத்தவர், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பேட்டர்களில் ஒருவர். கையுறை போடாமல் வெறுங்கையால் பேட் பிடிப்பவர், ஆகவே தாரைத் தாராளமாகத் தடவுவார். எதிரே யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின், மூன்றாவது முறையாக அந்த வேலையில் இருக்கிறார், அம்பயர்களோடு சண்டை போடாத வாரம் அவருக்கு வாரமே அல்ல. இரண்டு அணிகளுக்கும் பழைய பகை உண்டு. 1976, 1977, 1978 என்று மூன்று வருடம் தொடர்ந்து அமெரிக்கன் லீக் இறுதியில் ராயல்ஸைத் தோற்கடித்து உலகத் தொடருக்குப் போனது யாங்கீஸ். 1980-இல் ராயல்ஸ் பழி தீர்த்தது. அதைச் செய்து முடித்தது இதே யாங்கீ ஸ்டேடியத்தில் கூஸ் காசேஜ் என்ற அதிவேக பிட்சரின் பந்தில் பிரெட் அடித்த மூன்று ரன் ஹோம் ரன். அப்போது யாங்கீஸ் மேனேஜராக இருந்து, சீசனில் 103 ஆட்டம் ஜெயித்தும் வேலையை இழந்த டிக் ஹவுசர், 1983-இல் ராயல்ஸின் மேனேஜர். கதாசிரியர் எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று சொல்லியிருப்போம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி, யாங்கீஸ் 4-3 முன்னிலை, ராயல்ஸுக்கு ஏற்கெனவே இரண்டு அவுட். யு.எல். வாஷிங்டன் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸில் நிற்கிறார். அடுத்து பிரெட். மார்ட்டின் பிட்சரை மாற்றி யாரைக் கொண்டுவருகிறார் தெரியுமா, அதே காசேஜை. உயரமாக வந்த ஒரு வேகப்பந்தை பிரெட் வலது பக்க ரசிகர் வரிசைக்குள் தூக்கி அடித்தார். இரண்டு ரன். ராயல்ஸ் 5-4. பிரெட் சாவகாசமாக பேஸ்களைச் சுற்றி வந்து, கை குலுக்கி, வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் போய் உட்கார்ந்தார்.

அப்புறம்தான் மார்ட்டின் மெதுவாக நடந்து வந்தார். ஹோம் பிளேட் அம்பயர் டிம் மெக்லெலண்டிடம் பேட்டைக் காட்டி ஏதோ சொன்னார். நான்கு அம்பயர்களும் கூடினார்கள், குழுத் தலைவர் ஜோ பிரிங்க்மன். பேட்டைத் தடவிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். கையில் அளவுகோல் இல்லை. ஆனால் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம் என்பது விதி. மெக்லெலண்ட் பேட்டைக் குனிந்து பிளேட்டின் குறுக்கே வைத்துப் பார்த்தார். தார் பிளேட்டைத் தாண்டி நன்றாகவே நீண்டிருந்தது, 18 அங்குலம் தாண்டியதில் சந்தேகமே இல்லை. இந்த இடத்தில் அம்பயர்களின் சமயோசிதத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

டக்அவுட்டில் இருந்த பிரெட்டுக்கு முதலில் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. தாருக்காக அவுட் கொடுத்தால் ஓடிப்போய் அம்பயர்களில் ஒருவரைக் கொன்றுவிடுவேன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னதாக அவரே பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மெக்லெலண்ட் நிமிர்ந்தார், டக்அவுட்டில் பிரெட்டைத் தேடினார், பேட்டோடு கையை நீட்டிக் காட்டினார், அவுட் என்று கையை உயர்த்தினார். மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது, யாங்கீஸ் 4-3 வெற்றி. முன்னிலை தரும் ஹோம் ரன்னை அடித்தே ஓர் அணி தோற்றுப்போனது.

அடுத்து நடந்த காட்சியை வீடியோவில் பார்த்திருக்கிறீர்களா தெரியவில்லை, பார்க்காவிட்டால் உடனே தேடிப் பாருங்கள். பிரெட் டக்அவுட்டிலிருந்து கண் பிதுங்க, கைகளை வீசிக்கொண்டு பாய்ந்து வருகிறார். மெக்லெலண்ட் ஆறரை அடி உயரம், அவர் அசையாமல் நிற்கிறார். பிரிங்க்மன் பின்னாலிருந்து பிரெட்டின் கழுத்தை வளைத்துப் பிடித்து இழுக்கிறார். எல்லோரும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கேலார்ட் பெர்ரி நைசாக பேட்டைக் கிளப்பிவிட்டார். பெர்ரி யார் என்று தெரிந்தால்தான் இதன் சுவை புரியும். பந்தில் எச்சிலும் எண்ணெயும் தடவிப் போடுவதற்கே பேர்போன மூத்த பிட்சர், அப்போது வயது 44. ஆதாரத்தை மறைப்பதில் அனுபவம் உள்ளவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட் கைமாறி ராயல்ஸின் உள்வழிக்குள் போனது, ஸ்டேடியம் காவலர்கள் துரத்திப் பிடித்து மீட்டார்கள். பிரெட், பெர்ரி, மேனேஜர் ஹவுசர், பயிற்சியாளர் ராக்கி கொலவிட்டோ, நான்கு பேரும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

ராயல்ஸ் லீக்கிடம் முறையீடு செய்தது.

விதிப்புத்தகம் என்ன சொன்னது

இங்கேதான் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பேஸ்பாலில் அப்போது அம்பயரின் கணிப்பை எதிர்த்து முறையீடு செய்ய முடியாது. பந்து உள்ளேயா வெளியேயா, ஆள் தொட்டாரா இல்லையா என்பதெல்லாம் கணிப்பு, அதோடு சரி. விதியைத் தவறாகப் பொருத்தினார்கள் என்றால் மட்டும்தான் முறையீடு. அதனால் தார் எத்தனை அங்குலம் என்று ராயல்ஸ் வாதாடவே இல்லை, வாதாடவும் முடியாது. தாண்டியது தாண்டியதுதான். அதற்குத் தண்டனை அவுட்தானா என்பது ஒன்றுதான் கேள்வி.

விதி 1.10(பி) பிடியில் தார் முதலான பொருட்கள் 18 அங்குலம் வரை இருக்கலாம், தாண்டினால் அந்த பேட்டை ஆட்டத்திலிருந்து அகற்ற வேண்டும் என்கிறது. பேட்டை அகற்றச் சொல்கிறதே தவிர, ஆளை அவுட்டாக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே புத்தகத்தில் வேறோர் இடத்தில், விதி 1.10-க்குப் பொருந்தாத பேட்டால் அடித்த பந்து 'முறைகேடாக அடித்த பந்து' என்று ஒரு வரையறை இருந்தது. இன்னோர் இடத்தில், முறைகேடாகப் பந்தை அடித்தவர் அவுட் என்று இருந்தது. அம்பயர்கள் இந்த மூன்றையும் வரிசையாகக் கோத்தார்கள். தார் தாண்டியது, எனவே பேட் பொருந்தாதது, எனவே அடித்தது முறைகேடு, எனவே அவுட். கணக்குப் பாடம் மாதிரி சுத்தமான வாதம், இதில் ஓட்டை கண்டுபிடிப்பது சிரமம்.

ராயல்ஸ் தரப்புக்கும் புத்தகத்திலேயே பிடி இருந்தது. விதி 6.06(டி), பந்து தூரம் போவதற்காக பேட்டில் தில்லுமுல்லு செய்தால் அவுட் என்று சொல்லி, எவையெல்லாம் தில்லுமுல்லு என்று வரிசையாகச் சொல்கிறது: உள்ளே குடைந்து நிரப்புவது, தட்டையாகச் சீவுவது, ஆணி அடிப்பது, மெழுகு பூசுவது. பைன் தார் அங்கே இல்லை. ஒரு குறிப்பிட்ட குற்றத்துக்கு 1.10(பி) ஒரு குறிப்பிட்ட தண்டனையைச் சொல்லிவிட்ட பிறகு, பொதுவான வரையறையைக் காட்டி அதைவிடக் கடுமையான தண்டனை எப்படிக் கொடுப்பீர்கள்? சட்டம் படித்தவர்களுக்கு இது அறிமுகமான வாதம்தான், சிறப்பு விதி பொது விதியை மீறி நிற்கும்.

ஆக, எழுத்து ஒரு பக்கம், நோக்கம் மறுபக்கம் என்ற படமே சரியில்லை. எழுத்தே இரண்டு பக்கமும் நின்றது. விதிகளை வேறுவேறு காலத்தில் வேறுவேறு ஆட்கள் ஒட்டுப்போட்டு எழுதியதால் வந்த வினை இது.

முன்னுதாரணமும் அப்படித்தான், இரண்டு பக்கமும் உண்டு, இரண்டும் 1975. அந்த ஜூலையில் மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிராக யாங்கீஸ் கேட்சர் தர்மன் மன்சன் ரன் எடுத்துக்கொடுத்த ஒரு சிங்கிள், தார் எல்லை தாண்டியதால் செல்லாமல் போய் அவர் அவுட் ஆனார், யாங்கீஸ் அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றது. யாங்கீஸ்காரர்கள் இந்த விதியை எங்கே கற்றார்கள் என்பது புரிகிறதா? சூடு பட்ட பூனைகள். 1983-இல் மூன்றாம் பேஸ் ஆடிய கிரெய்க் நெட்டில்ஸ் மன்சனின் அன்றைய சக வீரர். ஆனால் அதே 1975-இல் ராயல்ஸின் ஜான் மேபெரி தார் அதிகமான பேட்டால் ஹோம் ரன் அடித்தார் என்று கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் முறையிட்டபோது, அம்பயர்கள் ரன்னை ரத்து செய்ய மறுத்தார்கள், லீக் தலைவரும் அவர்கள் பக்கம் நின்று முறையீட்டைத் தள்ளினார். அந்தத் தலைவர் லீ மெக்ஃபெயில். 1983-இல் பிரெட் வழக்கு யார் மேசைக்கு வந்தது? அதே மெக்ஃபெயில்.

தீர்ப்பும் என் குறையும்

ஜூலை 28, ஆட்டம் முடிந்து நான்கே நாளில், மெக்ஃபெயில் முறையீட்டை ஏற்றார். ஹோம் ரன் செல்லும், ஸ்கோர் 5-4 ராயல்ஸ், அந்த இடத்திலிருந்து ஆட்டம் தொடர வேண்டும். அம்பயர்களை அவர் குறை சொல்லவில்லை, விதி எழுதப்பட்ட விதத்தில் அவர்கள் அப்படிப் படித்ததற்கு நியாயம் உண்டு என்றார். ஆனால் தார் எல்லை என்ற விதி பந்தின் தூரத்துக்காக வந்ததல்ல, எனவே அதை மீறியதற்கு அவுட் என்பது விதியின் நோக்கத்துக்கு ஒவ்வாது, ஆட்டங்கள் மைதானத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும், விதிகளின் நுணுக்கப் பிடியால் அல்ல என்பது அவர் எழுதியதன் சாரம். பிரெட் முதலானவர்களை வெளியேற்றியது மட்டும் ஹோம் ரன்னுக்குப் பிறகு நடந்ததால் அது அப்படியே நின்றது. மெக்ஃபெயில் ஒரு காலத்தில் யாங்கீஸின் ஜெனரல் மேனேஜராக இருந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாங்கீஸ் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் அடுத்த சில வாரம் பேசிய பேச்சைக் கேட்டால் அந்த மனிதர் பிறவி எதிரி என்று நினைத்துவிடுவீர்கள். ஒரே ஆட்டத்தில் பட்டம் கைநழுவினால் மெக்ஃபெயில் நியூயார்க்கில் குடியிருக்க முடியாது, கன்சாஸ் சிட்டியில் வீடு பார்க்கட்டும் என்கிற அளவுக்குப் போனார், அதற்காகப் பெரிய அபராதமும் கட்டினார்.

தீர்ப்பு சரி. அதற்குச் சொன்ன பொதுக்காரணம் எனக்கு ஒப்பவில்லை. 'நுணுக்கப் பிடியால் ஆட்டம் முடிவாகக் கூடாது' என்று எடுத்துக்கொண்டால் பேஸ்பாலில் பாதி விதி போய்விடும். ஓடுபவர் ஒரு பேஸை மிதிக்காமல் தாண்டினால் அம்பயர் வாய் திறக்க மாட்டார், எதிரணி கவனித்துக் கேட்டால்தான் அவுட். இதைவிட நுணுக்கப் பிடி வேறென்ன வேண்டும்? 1908-இல் நியூயார்க் ஜயண்ட்ஸின் ஃப்ரெட் மெர்க்கிள் ஆட்டம் ஜெயித்துவிட்டது என்று நினைத்து, இரண்டாம் பேஸை மிதிக்காமல் திரும்பி ஓடினார். சிகாகோ கப்ஸ் கேட்டது, அவுட் கொடுக்கப்பட்டது, ஆட்டம் சமன் ஆனது, பின்னால் மறுபடி ஆடியதில் கப்ஸ் ஜெயித்து லீக் பட்டத்தையே ஒரே ஆட்ட வித்தியாசத்தில் தட்டிப் போனது. அன்றைக்கு லீக் தலைமை நுணுக்கத்தின் பக்கமே நின்றது.

ஆனால் மெர்க்கிள் கதையில் ஒரு விவரம் உண்டு. கப்ஸின் ஜானி எவர்ஸ் சில வாரம் முன்புதான் பிட்ஸ்பர்க்கில் இதே விஷயத்தை இதே ஹேங்க் ஓடே என்ற அம்பயரிடம் எழுப்பியிருந்தார், அப்போது மறுக்கப்பட்டார். ஊரறிய குரல் கொடுத்தாகிவிட்டது, அடுத்த முறை விதி பாய்ந்தது. மார்ட்டின் கதை நேர் எதிர். பிரெட்டின் பேட்டில் தார் எல்லை தாண்டியிருப்பது யாங்கீஸ்காரர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள். மார்ட்டினே அதை ஒளிக்கவில்லை, சரியான நேரத்துக்குக் காத்திருந்ததாக ஒப்புக்கொண்டவர்தான்.

யோசித்துப் பாருங்கள். பிரெட் அவுட் ஆகியிருந்தால் மார்ட்டின் தாரைப் பற்றி மூச்சே விட்டிருக்க மாட்டார், அந்த அவுட் செல்லும். பிரெட் ஹோம் ரன் அடித்தால் பேட்டைக் காட்டுவார், ரன் செல்லாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் யாங்கீஸுக்கு நஷ்டம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை ஒரு அடி தள்ளிப் போடும்போது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவர் அதில் வீடு கட்டி முடித்து கிரகப்பிரவேசம் வைத்த அன்று வழக்குப் போடுகிற மாதிரி. மார்ட்டினை நான் திட்டவில்லை. மேனேஜரின் வேலை ஜெயிப்பது, புத்தகம் அப்படி ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது, அவர் நுழைந்தார். திறந்து வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் டென்னிஸ் லில்லி நினைவுக்கு வரலாம். 1979 டிசம்பர், பெர்த், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அலுமினிய பேட்டோடு இறங்கினார். மரத்தில்தான் பேட் இருக்க வேண்டும் என்று அப்போது விதியில் இல்லை. இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி அம்பயர்களிடம் முறையிட்டார், பந்து கெடுகிறது என்று. அங்கேயும் கவலை பந்தைப் பற்றித்தான், கவனித்தீர்களா. முடிவில் லில்லி கோபத்தில் அந்த பேட்டை வீசி எறிந்துவிட்டு மர பேட்டை எடுத்து ஆடினார். அதுவரை எடுத்த ரன்களை யாரும் அழிக்கவில்லை. பேட் போனது, ரன் நின்றது. 1.10(பி)-யும் சொன்னது கிட்டத்தட்ட அதைத்தான். கிரிக்கெட் விதிப்புத்தகத்தில் மரம் என்ற சொல் 1980-இல் ஏறியது.

ஆகஸ்ட் 18

ஆட்டத்தைத் தொடர்வது என்பது சொல்வதற்குச் சுலபம். யாங்கீஸுக்கு இஷ்டமே இல்லை. பழைய டிக்கெட் இல்லாதவர்களிடம் 2.50 டாலர் வாங்கப்போவதாகச் சொன்னார்கள், அதற்கு எதிராக ரசிகர்கள் நீதிமன்றம் போனார்கள், பிராங்க்ஸில் ஒரு நீதிபதி ஆட்டத்துக்குத் தடை போட்டார், லீக் உடனே மேல்முறையீடு செய்தது, மேல் நீதிமன்ற நீதிபதி அதே நாளில் தடையை நீக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் மிச்சமிருந்த நான்கு அவுட்டுக்கு இத்தனை கூத்து.

கடைசியில் ஆகஸ்ட் 18 மாலை, ஜூலையில் 33,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த ஸ்டேடியத்தில் 1,245 பேர். மார்ட்டின் இதை அவமானமாகவே எடுத்துக்கொண்டார், அதை அணியை நிறுத்தியதிலேயே காட்டினார். ஜூலையில் சென்டர் ஃபீல்டில் நின்ற ஜெர்ரி மம்ஃப்ரியை இதற்குள் வேறொரு வீரருக்கு மாற்றாக ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்தாகிவிட்டது, இரண்டாம் பேஸ்காரருக்குக் காயம். சென்டர் ஃபீல்டில் மார்ட்டின் நிறுத்தியது ரான் கிட்ரியை, அவர் பிட்சர். இரண்டாம் பேஸில் டான் மேட்டிங்லி, அவர் இடது கையால் எறிபவர். இடது கைக்காரர் இரண்டாம் பேஸில் நிற்பது பேஸ்பாலில் கிட்டத்தட்ட நடக்காத காரியம், முதல் பேஸுக்கு எறிய உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும்.

அடுத்து மார்ட்டினின் கடைசி சீட்டு. முதல் பந்து வீசுவதற்கு முன்பே பிட்சர் ஜார்ஜ் ஃப்ரேசியர் பந்தை முதல் பேஸுக்கு எறிந்தார்: பிரெட் ஜூலையில் ஓடும்போது இந்த பேஸை மிதிக்கவில்லை என்று அப்பீல். அம்பயர் 'சேஃப்', அதாவது அவுட் இல்லை, என்றார். இரண்டாம் பேஸுக்கு எறிந்தார், அங்கேயும் சேஃப். மார்ட்டின் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். காரணம், அன்று நின்ற அம்பயர்கள் ஜூலையில் நின்றவர்கள் அல்லர், வேறு குழு. பார்க்காத ஒன்றுக்கு எப்படித் தீர்ப்பு சொல்கிறீர்கள் என்று கேட்கலாம் அல்லவா? நல்ல கேள்விதான். ஆனால் குழுத் தலைவர் டேவ் ஃபிலிப்ஸ் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஜூலை 24-இல் பணியில் இருந்த அம்பயர்கள் கையெழுத்திட்ட சத்தியப் பிரமாணம்: பிரெட்டும் வாஷிங்டனும் எல்லா பேஸையும் மிதித்தார்கள். மார்ட்டின் இதைச் செய்வார் என்று லீக் அலுவலகத்தில் முன்கூட்டியே ஊகித்து வாங்கி வைத்திருந்தார்கள். இந்த வழக்கு முழுக்க எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வாழ்நாள் முழுக்க விதிப்புத்தகத்தை ஆயுதமாகப் பிடித்த ஒருவரை, ஒருமுறையாவது காகிதத்தாலேயே மடக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஆட்டம். ஹால் மெக்ரே ஸ்ட்ரைக் அவுட், அதோடு ராயல்ஸ் இன்னிங்ஸ் முடிந்தது. யாங்கீஸ் ஆட வந்தது, தரையை ஒட்டிக் கையைச் சுழற்றி வீசும் டான் க்விசன்பெரி மூன்று பேரையும் வரிசையாக அனுப்பிவைத்தார். 5-4 ராயல்ஸ். உண்மையில் ஆடிய நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. பிரெட் மைதானத்திலேயே இல்லை, ஜூலையிலேயே வெளியேற்றப்பட்டவர் ஆடவும் முடியாது. நியூஜெர்சியில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவுக்கும் அந்த ஒரு வெற்றி பட்டியலில் எதையாவது மாற்றியதா என்றால், இல்லை. யாங்கீஸ் 91 வெற்றியோடு மூன்றாம் இடம், முதலிடம் பிடித்த பால்டிமோரை விட 7 ஆட்டம் பின்னால். ராயல்ஸ் பாதிக்கும் மேல் தோற்று, சிகாகோ ஒயிட் சாக்ஸை விட 20 ஆட்டம் பின்னால் நின்றது. ஸ்டைன்பிரென்னரின் 'ஒரே ஆட்டம்' வரவே இல்லை.

பேட்டின் கதையும் சுவாரசியம்தான். பிரெட் அதைத் திரும்ப வாங்கி, தாரை 18 அங்குலத்துக்குத் துடைத்துவிட்டு அதே பேட்டோடு சில ஆட்டம் ஆடினார். உடைந்தால் போச்சு, இதற்கு விலை உண்டு என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் ஒதுக்கி வைத்தார். ஒரு சேகரிப்பாளருக்கு 25,000 டாலருக்கு விற்றார், மனம் கேட்காமல் அதே விலைக்குத் திரும்ப வாங்கினார், 1987 முதல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெட்டுக்கு இந்தப் புகழில் வருத்தமே இல்லை. 1980 உலகத் தொடரில் மூல நோயால் அவதிப்பட்டு ஆட்டத்திலிருந்து வெளியேறியது ஊரெல்லாம் செய்தியாகி, போகிற மைதானமெல்லாம் அதைச் சொல்லியே கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். தார் வந்தபின் அந்தப் பேச்சு போனது, நிம்மதி என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். 3,154 ஹிட் அடித்து 1999-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனவரிடம் இன்றைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது அந்த ஓட்டத்தைப் பற்றித்தான்.

விதிக்கு என்ன ஆனது? முதலில், தார் 18 அங்குலம் தாண்டியதற்காக பேட்டரை அவுட் ஆக்கவோ வெளியேற்றவோ கூடாது என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். பின்னால் இன்னும் தெளிவாக்கினார்கள்: தார் அதிகம் என்று அம்பயரே கண்டாலும் சரி, எதிரணி சொன்னாலும் சரி, வேறு பேட் எடுக்கச் சொல்ல வேண்டும். பேட்டைப் பயன்படுத்தும் முன் யாரும் ஆட்சேபிக்காவிட்டால், அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்த எதுவும் ரத்தாகாது. அதாவது அங்குலக் கணக்கை அவர்கள் தொடவே இல்லை, 18 இன்றும் 18-தான். மாறியது கேட்கும் நேரம். 2020 முதல் ஆட்டத்தை எதிர்த்து முறையீடு செய்யும் வழியையே எடுத்துவிட்டார்கள், ஆகவே ஹவுசருக்கும் இன்று மெக்ஃபெயில் மாதிரி ஒருவரிடம் போக வழியில்லை. மார்ட்டினுக்கும் காத்திருக்கிற வசதி இல்லை. காசேஜ் பந்து வீசும் முன்பே அம்பயரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதான். சொன்னால் பிரெட் டக்அவுட்டுக்குப் போய் வேறொரு பேட்டை எடுத்து வருவார்.